மூன்று கட்டுக் கார்

தூத்துக்குடியிலிருந்து கோவில்பட்டிக்கு வரும் வழியில் எங்கள் காருக்குள் கருவாட்டு வாசம் அடித்ததே இல்லை. சொன்னால் என் மகள் நம்புவதில்லை. கருவாடு வராமல் இல்லை. ஓலைப்பெட்டியில், மேலே சாக்கு போட்டுக் கட்டி, பத்துக் கிலோ பதினைந்து கிலோ என்று வந்தது. திருச்செந்தூருக்கு மொட்டை போடப் போகிற குடும்பங்கள், சாமி கும்பிட்டு முடித்த கையோடு, "அண்ணாச்சி, தூத்துக்குடியில ஒரு நிமிசம் நிப்பாட்டுங்க" என்பார்கள். அந்த ஒரு நிமிடம் முக்கால் மணி நேரம் ஆகும். அப்பா இறங்கிப் போய் டிக்கியைத் திறந்துவிடுவார். ஓலைப்பெட்டி உள்ளே போகும். 'டப்' என்று ஒரு சத்தம். அதோடு கருவாட்டுக்கும் எங்களுக்கும் உறவு முடிந்தது. வண்டிக்குள் மொட்டைத் தலையில் பூசிய சந்தன வாசம் மட்டும்தான் ஊர் வரைக்கும் வரும்.

அப்பா கோவில்பட்டியில் வாடகைக் கார் ஓட்டினார். முதலில் இன்னொருவர் வண்டிக்கு டிரைவர். 1983-இல் கடனை உடனை வாங்கி, ஓர் அம்பாசிடர் மார்க் 3-ஐ இரண்டாம் கையாக எடுத்தார். எனக்கு அப்போது எட்டு வயது. ஊரில் இன்னும் சில கிழவர்கள் காரை 'பிளஷர்' என்று சொல்லிக்கொண்டிருந்த காலம். "பிளஷரு வந்துட்டா?" என்று வாசலில் நின்று கேட்பார்கள். அந்தச் சொல்லுக்கு ஆங்கிலத்தில் இன்பம் என்று பொருள் என்பது அவர்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் மறுத்திருக்க மாட்டார்கள்.

கார் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று இன்றைக்கும் யாராவது கேட்டால், என் கை தானாகக் காற்றில் ஒரு கோடு போடும். முன்னால் ஒரு தாழ்வான மேடு, நடுவில் ஓர் உயரம், பின்னால் மறுபடி ஒரு தாழ்வான மேடு. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை வரைகிற கார். ஆங்கிலத்தில் இதைச் செடான் என்கிறார்கள். இரண்டு பேர் சுமக்கிற மூடு பல்லக்குக்கும் அந்த மொழியில் இதே பெயர் உண்டு. எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் கிடையாது. அதுதான் கார். மற்றதெல்லாம் ஜீப்பு, வேன்.

பிறகு யோசித்துப் பார்க்கையில்தான் அந்த வடிவம் ஏன் அவ்வளவு இயல்பாகப் பட்டது என்று விளங்கியது. அது எங்கள் பக்கத்துப் பழைய வீட்டின் வடிவம். முன்கட்டு, நடுக்கட்டு, பின்கட்டு. முன்கட்டில் இன்ஜின். சூடும் சத்தமும் எண்ணெய்ப் பிசுக்கும் அங்கேயே நின்றுவிடும். நடுக்கட்டில் மனிதர்கள். பின்கட்டில் சாமான். வீட்டில் பின்கட்டுக்கு என்ன வேலையோ அதே வேலைதான் டிக்கிக்கும். உரிக்காத தேங்காய், பாதி பழுத்த பலா, ஈரத் துணி, மண் ஒட்டிய கிழங்கு, வெளியே சொல்ல விரும்பாத சாமான், எல்லாம் அங்கே போகலாம். வந்த விருந்தாளி பின்கட்டை எட்டிப் பார்ப்பதில்லை. காரிலும் அப்படித்தான். பின்சீட்டின் முதுகுக்குப் பின்னால் ஒரு சுவர் இருந்தது. அந்தச் சுவரின் அருமை, அது இல்லாத கார்களில் ஏறிய பிறகுதான் தெரிந்தது.

அந்த டிக்கியில் என்னவெல்லாம் போயிருக்கிறது! கழுகுமலைக்குப் பெண் பார்க்கப் போனவர்கள் கொண்டுபோன பழத்தட்டு. பெண் பிடிக்காமல் திரும்பும்போது அதே தட்டு. குற்றாலத்தில் குளித்துவிட்டு வருகிறவர்களின் ஈர வேட்டி, துண்டு, எண்ணெய்ப் புட்டி. சங்கரன்கோவில் ஆடித்தபசுக்குப் போகிறவர்களின் கட்டுச்சோற்றுத் தூக்குகள். மெட்ராஸிலிருந்து ரயிலில் வந்து இறங்குகிறவர்களின் இரும்புப் பெட்டி. ஒரு தடவை சீர்வரிசைப் பித்தளை அண்டா ஒன்று உள்ளே போனது, ஆனால் மூடி மூடவில்லை. அப்பா கயிறு எடுத்து, டிக்கியின் கைப்பிடியையும் பம்பரையும் சேர்த்துக் கட்டினார். அண்டாவின் பாதி வயிறு வெளியே தெரிய, முப்பது கிலோமீட்டர் போனோம். வழியெல்லாம் ஜனங்கள் பார்த்தார்கள். பெண் வீட்டார் என்ன செய்தார்கள் என்பதைத் தனியாக ஊருக்குச் சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை.

டிக்கியை மூடுவதில் அப்பாவுக்கு ஒரு முறை உண்டு. ஓங்கி அடிக்கிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. இரண்டு உள்ளங்கைகளையும் மூடியின் மேல் வைத்து, பாதி தூரம் இறக்கி, ஒரு மூச்சு நிறுத்தி, கடைசி ஒரு சாணில் உடம்பின் எடையைக் கொடுப்பார். அந்த 'டப்' சத்தம் வரும். அது வந்தால்தான் பயணம் தொடங்கியதாகக் கணக்கு. அதற்குப் பிறகு யாராவது "ஐயையோ, ஒரு பையை விட்டுட்டேன்" என்றால், அந்தப் பை மடியில்தான் வர வேண்டும்.

நடுக்கட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். முன்சீட்டு அப்போது இரண்டாகப் பிரிந்த நாற்காலி கிடையாது. இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவு வரை ஒரே பெஞ்சு. கியர் ராடு ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருந்ததால், நடுவில் இடம் காலி. அது எனக்கு. பள்ளி விடுமுறையில் அப்பாவுக்கும் முன்சீட்டுச் சவாரிக்கும் நடுவில் ஒட்டி உட்கார்ந்து எத்தனையோ ஊர் பார்த்திருக்கிறேன். அப்பா கியர் போடும்போதெல்லாம் அவர் முழங்கை என் மேல் உரசும். டிம்-டிப் சுவிட்சு தரையில் இருந்தது, காலால் மிதிப்பார். எதிரே லாரி வந்தால் 'டக்', கடந்து போனால் மறுபடி 'டக்'. அந்த 'டக்'குகளை எண்ணிக்கொண்டே தூங்கிப்போவேன். முன்கதவில் முக்கோணமாக ஒரு சின்னக் கண்ணாடி, குவாட்டர் கிளாஸ் என்போம். அதைத் திருப்பி வைத்தால் காற்று நேராக முகத்துக்கு வரும். ஏசி இல்லாத கரிசல் காட்டுச் சித்திரையில் அது ஒரு கொடை.

பின்சீட்டுக்கும் பின்கண்ணாடிக்கும் நடுவில் ஒரு தட்டு உண்டு. பூக்கூடை அங்கேதான் வரும். அதன் அடியில் டிக்கி. அதாவது, மேலே மல்லிகை, கீழே கருவாடு. நடுவில் ஒரு பலகையும் சீட்டு முதுகும்தான். இரண்டும் ஒன்றையொன்று அறியாமல் ஒரே வண்டியில் ஊர் வந்து சேர்ந்தன.

ஊரில் வேறு வடிவங்களும் இல்லாமல் இல்லை. பெரிய டாக்டர் ஒருவரிடம் ஸ்டாண்டர்டு ஹெரால்டு இருந்தது. நம் வண்டலூர்ப் பக்கம் செய்த வண்டி. இரண்டே கதவு. பேனட்டை மட்டும் திறக்க முடியாது, மட்கார்டு, ஹெட்லைட்டு எல்லாம் சேர்ந்து முன்பாதி முழுவதும் முதலை வாய் மாதிரி முன்பக்கமாகச் சாயும். அதைத் திறக்கிற நாளில் நாங்கள் கூட்டமாகப் போய் நின்று பார்ப்போம். ஜவுளிக்கடை முதலாளியிடம் பியட். அப்பா அதை "கச்சிதமான வண்டி" என்பார். அவர் வாயில் அது பாராட்டும் இல்லை, குறையும் இல்லை. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது, எங்கள் ஊருக்கு வர இன்னும் சில வருடம் பிடித்தது. முதல் வண்டி ஸ்டாண்டைக் கடந்து போனபோது அப்பாவின் சினேகிதர் ஒருவர் சொன்னார்: "எலேய், கார பாதியில வெட்டிட்டானுவ!" உண்மையில் அப்படித்தான் தெரிந்தது. மூன்றாவது கட்டு இல்லாத வீடு. பின்பக்கம் செங்குத்தாக முடிந்துவிட்டது. இரண்டு கைப்பை வைக்கலாம், அவ்வளவுதான். ஆனால் அது சத்தமில்லாமல் ஓடியது, மூச்சு வாங்காமல் ஏறியது, பெட்ரோலை மிச்சம் பிடித்தது. அதை அப்பாவும் ஒத்துக்கொண்டார்.

அப்பாவின் பிழைப்பில் கை வைத்தது மாருதி இல்லை. 1994-இல் வந்த டாடா சுமோ. பெட்டி மாதிரி நிமிர்ந்த வண்டி. அதில் கடைசி வரிசையில் எதிரெதிராக இரண்டு பெஞ்சு போட்டு ஆள் ஏற்றினார்கள். டிக்கி இருந்திருக்க வேண்டிய இடத்தில் மனிதர்கள் உட்கார்ந்தார்கள். பெட்டி படுக்கை எல்லாம் கூரைக் கேரியருக்குப் போனது. கல்யாண வீட்டார் கணக்குப் போட்டார்கள். அம்பாசிடர் என்றால் இரண்டு வண்டி, சுமோ என்றால் ஒன்று போதும். கணக்கில் தப்பில்லை. ஸ்டாண்டில் ஒவ்வொன்றாகச் சுமோ வந்தது, 2000-க்குப் பிறகு குவாலிஸ் வந்தது. அப்பா அதற்கு முன்பே, 1999-இல், வண்டியைக் கொடுத்துவிட்டார். வாங்க வந்தவர் இன்ஜினைப் பார்த்தார், டயரைப் பார்த்தார், அடியில் குனிந்து பார்த்தார். டிக்கியைத் திறந்து பார்க்கவே இல்லை. அப்பாவுக்கு அதுதான் வருத்தம். அவரே போய்த் திறந்து காட்டி, "பாருங்க, ஒரு துரு கிடையாது" என்றார். பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து மூடினார்.

2014 மே மாதம் உத்தர்பாராத் தொழிற்சாலையில் அம்பாசிடர் உற்பத்தியே நின்றது. ஐம்பது வருடத்துக்கு மேல், பெரிய மாறுதல் இல்லாமல் ஒரே உருவத்தில் ஓடிய வண்டி. செய்தி வந்த அன்று அப்பா உயிரோடு இல்லை.

நான் சம்பாதித்து வாங்கிய முதல் காரும் டிக்கி வைத்ததுதான். மறைமலை நகரில் செய்த போர்டு ஐகான், 2006-இல், இதுவும் இரண்டாம் கை. பேனட், கேபின், டிக்கி, மூன்று கட்டும் இருந்தன. திருப்பத்தில் சாயாமல், ரோட்டைப் பிடித்துக்கொண்டு ஓடும் நல்ல வண்டி. ஊருக்கு ஓட்டிப் போய் வாசலில் நிறுத்தினேன். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. ஏறச் சொன்னேன். குனிந்தாள், தலையை இடித்துக்கொண்டாள், சீட்டில் விழுந்த மாதிரி உட்கார்ந்தாள். இறங்கும்போது ஒரு கையால் கதவையும் இன்னொரு கையால் என் தோளையும் பிடித்துக்கொண்டு, "ஏய்யா, கெணத்துக்குள்ள எறங்கி ஏறுற மாதிரில்லா இருக்கு" என்றாள்.

அன்றைக்கு அதைச் சிரித்து விட்டுவிட்டேன். அந்த ஒரு வாக்கியத்தில் செடானின் வீழ்ச்சி முழுவதும் இருந்தது என்பது பின்னால்தான் புரிந்தது.

அம்பாசிடரின் உயரம் ஏறக்குறைய 1.6 மீட்டர். தலைப்பாகை கட்டியவரும், கொண்டையில் பூச்சுமை வைத்தவரும் தலை வணங்காமல் ஏறினார்கள். சீட்டு இடுப்பு மட்டத்தில் இருந்தது, திரும்பி உட்கார்ந்தால் போதும். பின்னால் வந்த செடான்கள் காற்றைக் கிழித்து ஓட வேண்டும் என்பதற்காகக் குனிந்தன. கூரை பின்னோக்கிச் சரிந்தது. சீட்டு தரையை நோக்கி இறங்கியது. வேகத்துக்கும் மைலேஜுக்கும் அது நல்லது. ஆனால் முட்டு வலிக்காரிக்கும் நம் ஊர் வேகத்தடைக்கும் அது ஒத்துவரவில்லை. இன்று எல்லோரும் விழுந்தடித்து வாங்குகிற சின்ன எஸ்யூவிகளின் உயரத்தைப் பாருங்கள். பலவும் அதே 1.6 மீட்டரைச் சுற்றித்தான் நிற்கின்றன. ஜனங்கள் புதிதாக ஒன்றையும் ஆசைப்பட்டுவிடவில்லை. பழைய காரின் உயரத்தைத் திரும்பக் கேட்டார்கள், கிடைத்தது. கூடவே டிக்கியும் திரும்பி வந்திருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

டிக்கி போனதற்கு வேறொரு கதை உண்டு, அது வரிக் கதை. 2006-ஆம் ஆண்டு பட்ஜெட்டில், அப்போது நிதி அமைச்சராக இருந்த நம் சிவகங்கைச் சிதம்பரம், சின்னக் கார்களுக்குக் கலால் வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தார். சின்னக் கார் என்றால் என்ன? நான்கு மீட்டர் நீளத்துக்குள் இருக்க வேண்டும். பெட்ரோல் இன்ஜின் 1200 சிசி, டீசல் 1500 சிசி தாண்டக்கூடாது. கம்பெனிகள் அளவுநாடாவை எடுத்தன. எதைக் குறைப்பது? இன்ஜின் இருக்கும் இடத்தில் கை வைக்க முடியாது. மனிதர்கள் உட்காரும் இடத்தைக் குறைத்தால் விற்காது. மிச்சம் இருந்தது பின்கட்டுதான். 2008-இல் டாடா இண்டிகோ சிஎஸ் அந்த வழியைக் காட்டியது. அதே ஆண்டு வந்த ஸ்விஃப்ட் டிசையர் 4160 மில்லிமீட்டர் நீளம். 2012-இல் புது உருவில் வந்தபோது 3995. பதினாறரை சென்டிமீட்டர், ஒரு சாண்கூட இல்லை. அந்தச் சாணை டிக்கியிலிருந்துதான் வெட்டினார்கள். பின்னாலிருந்து பார்த்தால், சட்டையை இழுத்து உள்ளே சொருகிய மாதிரி இருக்கும்.

வரி முறைகள் மாறின, பெயர்கள் மாறின. அந்த நான்கு மீட்டர்க் கோடு மட்டும் அழியவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கும் சின்ன வண்டிக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், அந்தப் பக்கம் 40. அப்பாவின் அம்பாசிடர் நாலே கால் மீட்டருக்கும் சற்று மேல். இன்று அதைப் புதிதாகச் செய்து விற்றால் அது 40 சதவீத வரி கட்ட வேண்டிய ஆடம்பர வண்டி. ஸ்டாண்டில் கருவாடு ஏற்றிய வண்டிக்கு இந்த மரியாதை! நமக்குப் பிடித்த உருவத்தை நாமே தேர்ந்தெடுப்பதாக நினைக்கிறோம். நமக்கு முன்னால் ஷோரூமுக்குப் போய்ப் பாதி வண்டிகளைக் கழித்துவிட்டு வந்திருப்பது ஓர் அளவுநாடா.

போன வருடம் ஐகானுக்குப் பிறகு வாங்கிய காரும் கிழடாகிவிட்டது. புதுக் கார் பார்க்கப் போனோம், நான், மகள், எண்பத்திரண்டு வயது அம்மா. நான் செடான் இருக்கிறதா என்று கேட்டேன். விற்பனைப் பிரிவில் இருந்த தம்பி, நான் கூஜா இருக்கிறதா என்று கேட்டுவிட்ட மாதிரி பார்த்தான். "இருக்கு சார், ஆனா இப்ப ஃபேமிலிக்கு எல்லாரும் எஸ்யூவிதான் எடுக்குறாங்க." ஓரத்தில் ஒன்று நின்றது. டிக்கியைத் திறந்து, இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து மூடிப் பார்த்தேன். சத்தம் சரியாக இருந்தது. மகள் சொன்னாள், "அப்பா, நீங்க டிக்கிய வாங்க வந்தீங்களா, கார வாங்க வந்தீங்களா?"

பதிலை அம்மாதான் சொன்னாள், வாயால் இல்லை. பக்கத்தில் நின்ற உயரமான வண்டியின் கதவைத் திறந்து, யார் தோளையும் பிடிக்காமல், திரும்பி உட்கார்ந்துவிட்டாள். பழைய அம்பாசிடரில் உட்காருவது போலவே. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, "போகலாமா?" என்றாள். நாங்கள் இன்னும் விலைகூடக் கேட்கவில்லை.

அந்த வண்டியைத்தான் எடுத்தோம். குறை சொல்ல ஒன்றும் இல்லை. பின்கதவு அப்படியே மேலே தூக்கிக்கொள்ளும், சீட்டை மடித்தால் சைக்கிள்கூடப் போகும் என்று மகள் செய்து காட்டினாள். உண்மைதான். ஆனால் சீட்டுக்குப் பின்னால் இருப்பது ஒரு மெல்லிய மூடி. சுவர் இல்லை. பண்ருட்டியில் ஒரு பலாப்பழம் வாங்கிப் போட்டோம், நான்கு நாள் வரை காரே பலாப்பழமாக இருந்தது. சாமான் இப்போது எங்களோடு உட்கார்ந்து வருகிறது. குழிகளில் உருளுகிறது, பேச்சில் கலந்துகொள்கிறது. முன்கட்டும் கூடமும் கொல்லையும் ஒரே அறையாகிவிட்ட அடுக்குமாடி வீட்டில்தான் நாங்களும் குடியிருக்கிறோம். வீட்டில் பழகிக்கொண்டதைக் காரிலும் பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

கார் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நிறத்தையும் முகப்பையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் வீட்டில் மூத்தவரைக் கூட்டிப் போய் ஏற்றி இறக்கிப் பாருங்கள். அடுத்து, உங்கள் வீட்டுச் சாமானில் மூக்கைப் பிடிக்க வைப்பது எதுவோ, அதை எங்கே வைப்பீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். இரண்டுக்கும் விடை சொல்கிற வண்டி ஒன்று ஒரு காலத்தில் இருந்தது.

சென்ற மாதம் அம்மாவைத் திருச்செந்தூருக்கு அழைத்துப் போனேன். திரும்பும்போது அவள் பழக்கம் மாறாமல் தூத்துக்குடியில் நிறுத்தச் சொன்னாள். ஐந்து கிலோ நெத்திலிக் கருவாடு வாங்கினோம். மகள் காரின் பின்கதவைத் திறக்க மறுத்துவிட்டாள். கோவில்பட்டி பஸ்ஸில் கண்டக்டரிடம் சொல்லி, லக்கேஜ் கட்டணம் கொடுத்து ஏற்றிவிட்டோம். நாங்கள் காரில் வந்தோம், கருவாடு பஸ்ஸில் வந்தது.